கடைசற்காரர் விட்டுச்சென்ற கிண்ணம்

ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கப்படும் சேலைகளில் ஒரு பங்கு தேவிகாபுரத்துத் தறிகளில் நெய்யப்படுவது. பெரியநாயகி அம்மன் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளைக் காணும் ஆவலில் அவ்வூருக்குச் சென்றிருந்த நாம், வெயில் தாழும்வரை ஒரு தறிவீட்டில் அமர்ந்திருந்தோம். அங்கே ஜரிகைக் கண்டுகளைப் போட்டுவைக்கும் மரக்கிண்ணம் ஒன்று கண்ணில் பட்டது. கைக்குள் அடங்கும் அளவு. பக்கச் சுவரில் நான்கு வாள்வெட்டுகள். அதைச் சுற்றி ஓர் இரும்புப் பூண். அடியில், கிண்ணத்துக்குச் சற்றும் தேவையில்லாத ஒரு திருகுமரைத் துளை. வீட்டுப் பெரியவரைக் கேட்டோம்.

"எங்க மாமனார் காலத்துல கடைசல்காரர் ஒருத்தர் குடுத்தது சார். எதுக்குன்னு தெரியாது."

அது கிண்ணமன்று. கடைசல் எந்திரத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பு; பட்டறைகளில் 'சக்கு' என்பார்கள். இதற்கொரு தமிழ்ப்பெயர் வழக்கில் நிலைக்காமற்போனது வியப்புக்குரியது. ஏனெனில் தொழில் நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி தன் கைவினைஞர் வரிசையைத் தொடங்குவதே சங்கினை அறுத்துக் கடையும் 'கடைநர்' தொட்டுத்தான். நெடுநல்வாடையில் வரும் பாண்டிமாதேவியின் யானைத்தந்தக் கட்டிலின் கால்களோ குடம்போல் பருத்து, பூண்டுபோல் திரண்ட அடியோடு நிற்கின்றன. புலவர் உளியைத்தான் சொல்கிறார். ஆயினும் அவ்வடிவம் கடைசல் வேலையை அறிந்த கண்ணுடையது என்றே நமக்குத் தோன்றுகிறது. 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்று இன்றும் வைகிறோமே, அதற்குள்ளும் இத்தொழில் சுழல்கிறது.

பழைய கடைசற்கருவியில் மரம் இரு இரும்பு முனைகளுக்கிடையே நிற்கும். ஒருவர் கயிற்றை மாறிமாறி இழுக்க, மற்றொருவர் தரையில் அமர்ந்து உளியைப் பிடிப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழல்வதால் ஒரு சுற்றில்தான் உளி வெட்டும், மறுசுற்று வீண். எகிப்தில், கி.மு. 300-ஐ ஒட்டிய பெட்டோசிரிஸின் கல்லறைச் சிற்பத்தில் காணப்படுவதும் இருவர் இயக்கும் இத்தகைய கருவியே. தொட்டிற்காலுக்கும் ராட்டைக் காலுக்கும் இது போதும். குங்குமச் சிமிழுக்குப் போதாது. சிமிழின் உள்ளே குடைய ஒரு முனை திறந்திருக்க வேண்டும்; அப்போது மறுமுனையை எது பிடிப்பது? அந்த இடத்தில்தான் சக்கு வருகிறது. சுழலும் கட்டையின் முனையில் குழிசெய்து மரத்தை அறைந்து பொருத்துவது ஒரு வழி. அரக்கை உருக்கி ஒட்டுவது மற்றொன்று.

தேவிகாபுரத்துக் கிண்ணம் இவற்றினும் நுட்பமானது. அதைச் செய்த விதத்தை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். நன்கு உலர்ந்த, வைரம் பாய்ந்த கட்டையில் முதலில் துளையிட வேண்டும். எந்திரத்தின் தண்டிலுள்ள அதே மரையுடைய ஒரு போல்ட்டில் அரத்தால் நீளவாட்டில் பள்ளம் அராவி, அதையே கருவியாக்கித் துளையினுள் மரை வெட்டலாம். பிறகு கட்டையைத் தண்டில் திருகி, அந்த எந்திரத்திலேயே கடைய வேண்டும். இதுவே முக்கியம். எந்த அச்சில் வேலை செய்யப்போகிறதோ அதே அச்சில் கடையப்படுவதால், துளை சற்றுக் கோணியிருந்தாலும் முகம் நேராக ஓடும். வாய்ப்புறம் சிறுத்து அடிப்புறம் பருக்குமாறு வெளிப்பக்கத்தை அமைத்து, வாயிலிருந்து வாள்வெட்டு இட்டால், பூணை அடிநோக்கிக் கொட்டாப்புளியால் தட்டத்தட்ட வாய் இறுகும். வேலை முடிந்ததும் பூணைத் தளர்த்தினால் சிமிழ் கையில் வந்துவிடும்.

அமெரிக்காவின் சைமன் ஃபேர்மன் 1830-இல் உலோகச் சக்குக்குக் காப்புரிமை பெற்றார். தாடைகளை ஒருங்கே நகர்த்தும் அவ்வகை, பல அளவுகளையும் ஒன்றே பிடிக்கும். மரச்சக்கு ஓர் அளவுக்கு மட்டுமே. மழைக்காலத்தில் மரம் ஊறிக் கோணினால் மீண்டும் கடைந்து சீர்செய்ய வேண்டும். ஆனால் இரும்புத் தாடை மெல்லிய சிமிழில் தழும்பு பதிக்கும், மரம் பதிக்காது. உளி தவறிப் பட்டாலும் உளிக்குச் சேதமில்லை.

அந்தத் திருகுமரை நமக்கு வேறொன்றும் உணர்த்தியது. கயிறிழுக்கும் கருவியில் மரையிட்ட தண்டு இராது. இருந்தாலும் பின்சுற்றில் சக்கு கழன்று விழும். எனவே இது, ஒரே திசையில் சுழலும் மிதி எந்திரமோ மோட்டார் எந்திரமோ வந்தபின் செய்யப்பட்டது. அந்தப் பெயரறியாத மனிதர் புதிய எந்திரத்தை வாங்கினார். அதற்குரிய இரும்புச் சக்கை வாங்கவில்லை அல்லது வாங்க இயலவில்லை. பழைய கைப்பழக்கத்தைக் கொண்டு குறையை நிரப்பிக்கொண்டார்.

கல்வெட்டுகளில் தறியிறை உண்டு, செக்கிறை உண்டு, தட்டாரப் பாட்டம் உண்டு. கடைசலுக்கென்று தனி வரிப்பெயரை நாம் கண்டதில்லை. தச்சரோடு சேர்த்தே எண்ணியிருப்பர் போலும். வரி கட்டாதவன் வரலாற்றில் ஏறுவதில்லை என்பது கல்வெட்டு படிப்போர் அனைவரும் அறிந்த சங்கடமே. அதற்காக வரி விதித்திருக்கலாம் என்று விரும்பவா முடியும்?

பெரியவரிடம் பயனை விளக்கினோம். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூணைப் பெருவிரலால் அசைத்தார், அது துருவேறி நகரவில்லை. "அப்ப இதுலதான் எங்க ராட்டைக் குமிழெல்லாம் செஞ்சிருப்பாரு" என்றவர், ஜரிகைக் கண்டுகளை எடுத்து மீண்டும் அதற்குள்ளேயே போட்டார்.