வாலைப் பார்த்து நியூட்ரானைப் பிடித்த கதை

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் அதை நேரே பிடிக்க முடியாது. அது எதையாவது இடித்தால்தான் தெரியும்.

அணுத்துகள்களை ஒளியால் எண்ணும் முறை பழையது. 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கெய்கரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள் விழும்போதெல்லாம் தோன்றும் மின்மினி வெளிச்சத்தைக் கண்ணாலேயே எண்ணினார்கள். கண்தான் கருவி.

1932 ஜனவரியில் பாரிஸில் இரேன், ஃப்ரெதெரிக் ழொலியோ-க்யூரி தம்பதி, பெரிலியத்திலிருந்து வந்த கதிர் பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வேகமாகத் தள்ளுவதைக் கண்டார்கள். அதைக் காமா கதிர் என்றே எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் சாட்விக் அதைப் படித்தார். காமாவுக்கு அவ்வளவு பலம் ஏது? புரோட்டான் அளவே எடையுள்ள, மின்னூட்டமற்ற துகள்தான் இது என்று பிப்ரவரியிலேயே எழுதிவிட்டார். 1935-ல் அவருக்கு இயற்பியல் நோபல். அதே ஆண்டு தம்பதிக்கும் வேதியியல் நோபல், ஆனால் செயற்கைக் கதிரியக்கத்துக்காக. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அந்தப் பரிசைப் பெருமையாகச் சொல்லித் தந்தார்கள். கைநழுவிய நியூட்ரானைப் பற்றிப் பேச்சே இல்லை.

யூத வம்சத்தவர் என்பதற்காக 1933-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் கால்மன். போருக்குப் பின் 1947-ல் பெர்லினில் அவர் நாஃப்தலீனை ஒளிரும் பொருளாகப் பயன்படுத்தினார். ஆம், நம் பீரோவில் போடும் அந்துருண்டைதான்! கண்ணுக்குப் பதில் ஒளிப்பெருக்கிக் குழாய் வந்தது. இத்தகைய பொருளில் ஹைட்ரஜன் உண்டு. நியூட்ரான் அதன் புரோட்டானை இடிக்க, புரோட்டான் ஒளி தரும்.

ஆனால் காமாவும் அதே பொருளில் ஒளி தருமே! இரண்டு துடிப்புகளின் உயரமும் ஒன்றாக இருந்தால் எப்படிப் பிரிப்பது? காமா எலெக்ட்ரானைத் தள்ளுகிறது. அதன் ஒளி சட்டென்று அணையும். கனத்த புரோட்டானின் ஒளியிலோ தாமதமாக வரும் பங்கு அதிகம். துடிப்பின் வால் நீளும். கையெழுத்தைச் சரிபார்க்கும் குமாஸ்தா கடைசிச் சுழிப்பைப் பார்ப்பது போலத்தான். 1959-ல் ப்ரூக்ஸ் இதற்கென ஒரு மின்சுற்றை வெளியிட்டார். இன்று துடிப்பைச் சில நானோ வினாடிகளுக்கு ஒருமுறை அளந்து எண்களாக்கி, வாலின் பரப்பை மொத்தப் பரப்போடு கணினி ஒப்பிடுகிறது.

இது வெறும் ஆராய்ச்சி விளையாட்டு அல்ல. புளூட்டோனியம் தானாகவே நியூட்ரான்களை உமிழும். காமா தரும் சரக்குகள் ஏராளம். பீங்கானும் வாழைப்பழமும்கூடக் கொஞ்சம் தரும். துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறப்பதா, விடுவதா என்ற முடிவு அந்த வாலைப் பொறுத்தும் அமையலாம்.

பாரிஸில் எடுத்த அளவு சரியாகவே இருந்தது. அது எதன் அடையாளம் என்பதில்தான் பிசகு. இன்றும் கருவிக்கு முன்னால் இருக்கும் கேள்வி அதுவேதான்.