ஆறு மாசம் சீசன், அம்பது வருசம் காணி: அறுகம்பே அறைகளின் கதை

நம்மட கரையோரத்தில் 'வாடி' என்ற சொல்லைத் தெரியாத ஆள் இல்லை. கடல் அமைதியாகும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்தெல்லாம் மீனவர்கள் கிழக்குக்கு வருவார்கள். மணலில் கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, சீசன் முடியும்வரை தங்குவார்கள். அந்தக் குடிலுக்குப் பேர் வாடி. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தர்கள் பயணம் போகும்போது தங்கிய கட்டடத்துக்கு வாடிவீடு என்று பேர். சீசனுக்கு வருகிறவனுக்குத் தங்க இடம் தேவை என்பது அறுகம்பேயில் கபானா வந்த பிறகு முளைத்த விசயம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழுதிய பழைய கணக்கு அது.

இண்டைக்கு அந்தக் கணக்கில் லாபம் பார்ப்பது யார், நட்டத்தைத் தாங்குவது யார் என்பதுதான் கேள்வி. அறை வாடகைக்கு விடுவது லேசான தொழில், கட்டிப் போட்டா காசு கொட்டும் என்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இருந்து பார்க்கிற நம்மில் பல பேர் நினைக்கிறோம். ஏ4 வீதியில் தெற்கே பொத்துவில் வரைக்கும் போய், வாவிப் பாலத்தைத் தாண்டி உல்லையில் இறங்கிக் கேட்டால் வேறு கதை வரும். அங்கே சிரமம் விருந்தாளியைச் சமாளிப்பது மட்டும் இல்லை. கால் வைத்து நிற்கிற மணலைக் கையில் வைத்திருப்பதுதான் பெரிய சிரமம்.

அலைச்சறுக்குக்காரர்கள் இந்தக் குடாவுக்கு வரத் தொடங்கியது 1970களில். ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை இங்கே அலை நல்லா இருக்கும். வந்தவர்களுக்கு ஆடம்பரம் தேவைப்படவில்லை. மீன் சோறும், பாயும், கொசுவலையும் போதும். வளவில் இருந்த ஒரு அறை, பிறகு பக்கத்தில் ஒரு ஓலைக் குடில். முதல் பெரிசாத் தேவையில்லை, மழைக்கு விழுந்தா திரும்பக் கட்டலாம். பத்திரம் எங்கே என்று அந்தக் காலத்தில் யாரும் பெரிசாக் கேட்கவும் இல்லை.

பின்னால் வந்த தலைவலிக்கெல்லாம் விதை அங்கேதான் இருக்கிறது. நம்மட பக்கத்தில் காணி என்றால் இரண்டு சாதி: உறுதிக் காணி, ஒப்பக் காணி. ஒப்பம் என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கும் அனுமதிப் பத்திரம். குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். நினைத்தபடி விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ முடியாது. இதுக்கு மேலே கடலோரத்தில் எதைக் கட்டுவதென்றாலும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆக, மூன்று தலைமுறையாக ஒரே வளவில் இருக்கிற குடும்பத்திடமும் வங்கி ஏற்றுக்கொள்ளும் ஒரு கடதாசி இல்லாமல் இருக்கலாம். கடதாசி இல்லாதவனுக்குக் கடன் இல்லை. கடன் இல்லாதவன் ஓலையிலேயே நிற்பான்.

யுத்தம் இந்தத் தொழிலை எத்தனை முறை குலைத்தது என்று எண்ண முடியாது. 1990க்குப் பிறகு கிழக்கில் பயணம் போவதே உயிர்ப் பணயம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்ததும் கூட்டம் திரும்பி வந்தது. கடன் பட்டு, நகை வைத்து, புது அறைகள் எழும்பின. அந்த அறைகள் மூன்று சீசன்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

2004 டிசம்பர் 26. இலங்கையிலேயே அதிக உயிர்களைச் சுனாமியிடம் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான்: பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது பட்டதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உல்லையிலும் கரையோர வீடுகளும் குடில்களும் அடிபட்டுப் போயின.

தண்ணீர் வற்றிய கையோடு வந்தது இரண்டாவது அலை. கரையிலிருந்து கட்டடம் கட்டக் கூடாத வலயம் என்று அரசு அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீனவனின் வீட்டுக்கு இந்தத் தடை, சுற்றுலா ஹோட்டல்களுக்கோ விதிவிலக்கு. பாதுகாப்புக்காகத்தான் என்றால், கடல் விருந்தாளியை மட்டும் விட்டுவிட்டுப் போகுமா? உல்லைச் சனம் அப்போது கேட்ட கேள்வியின் சாரம் இதுதான். 2005இல் வெளியான அறுகம்பே அபிவிருத்தித் திட்டம் அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. உயர்தர ஹோட்டல்கள், நீர்விமானம் இறங்கும் துறை, ஹெலிகொப்டர் தளம் எல்லாம் அதில் இருந்தன. மீனவர்களும் சிறு அறை உரிமையாளர்களும் வீதியில் இறங்கிப் போராடினார்கள். நவோமி கிளைன் 2007இல் எழுதிய 'தி ஷாக் டாக்ட்ரின்' புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இந்தக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது. வலய விதி பிறகு தளர்ந்தது. திட்டமும் வரைந்தபடி நடக்கவில்லை. சனம் எதிர்த்து நின்றதால் தப்பிய கரை இது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எல்லா இடமும் தப்பவில்லை. யுத்தம் முடிந்த மறுவருசம், 2010 ஜூலையில், தெற்கே பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெல பகுதிகளிலிருந்து சுமார் 350 குடும்பங்கள் விரட்டப்பட்டன. அந்தப் பக்கத்தில் கடற்படை கபானா நடத்தியது. 2015இல் காணியைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தும் சனம் வருசக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. அறை வாடகைத் தொழிலில் உங்களுக்குப் போட்டியாளர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இல்லை, சில இடத்தில் படையும்தான்.

இப்போது பறிப்பு துப்பாக்கியோடு வருவதில்லை, குத்தகைப் பத்திரத்தோடு வருகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்தது. ஆனால் 99 வருசம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். கொழும்புப் பணக்காரருக்கோ அந்தத் தடையும் இல்லை. "பத்து வருசத்துக்கு எழுதுங்க, மொத்தமா காசு தாறோம்" என்று ஒருத்தர் வந்தால், சீசனுக்கு ஓலை மாற்றக் காசில்லாத குடும்பம் என்ன செய்யும்?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவம். ஐந்து அறை, இரவுக்கு 8,000 ரூபா, சீசனில் 100 இரவு நிரம்பினால் 40 இலட்சம். பெரிய புக்கிங் தளங்களின் கமிஷன் 15 வீதம் என்று வைத்தால் 6 இலட்சம் போகும். மிச்சத்தில் சம்பளம், கரண்ட், சலவை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஏசி, நவம்பர் மழையில் ஒழுகும் கூரை. இவ்வளவும் போன பிறகும் நல்ல வருசத்தில் கையில் காசு நிற்கும். தொழில் நட்டம் இல்லை. ஆனால் நல்ல வருசம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

2018இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். 2021இல் 2 இலட்சம்கூட இல்லை. இடையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022இல் டீசல் வரிசை. 2024 ஒக்டோபர் 23 அன்று அறுகம்பேக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் நாட்டவரை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. ஒரு நாள் அறிவிப்பில் அறைகள் காலி. அந்த அறிவிப்பில் உல்லைக்காரனின் பிழை என்ன இருந்தது?

ஈஸ்டர் காலத்து வடு நம்மட ஊருக்கு இன்னும் கிட்ட. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் 15 பேர் இறந்த வீடு, வாடகைக்கு எடுக்கப்பட்ட வீடு. அதற்குப் பிறகு முன்பின் தெரியாத ஆளுக்குச் சாவி கொடுப்பது என்றாலே நெஞ்சு படபடத்தது. அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் பதிவு என்று வாடகை என்ற சொல்லே மாறிப் போனது. ஒரு முஸ்லிம் குடும்பம் தன் வீட்டை அந்நியருக்குத் திறந்து விடுவதில் இருக்கும் பயத்தை எந்த புக்கிங் தளத்தின் நட்சத்திரமும் அளக்காது.

இப்படிக் கெட்ட வருசங்கள் அடுக்கடுக்காக வரும் தொழிலில் கடைசியில் நிற்பவன் யார்? காத்திருக்கக் கூடியவன். இரண்டு சீசன் காலியாகக் கிடந்தாலும் சமாளிக்கும் முதல் உள்ளவன். ஊர்க்காரனால் அது முடியாது, அதனால் கெட்ட வருசத்தில்தான் குத்தகை எழுதப்படுகிறது. நல்ல வருசம் திரும்பி வரும்போது, சொந்த வளவில் அவன் காவலாளியாகவோ த்ரீவீல் ஓட்டுநராகவோ நிற்கிறான்.

பார்சலோனாவிலும் பிரச்சினை இருக்கிறது. அங்கே 2028 நவம்பருக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு அனுமதிகளை நிறுத்தப் போவதாக 2024இல் மேயர் அறிவித்தார். காரணம், உள்ளூராருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. நமக்கு அது இன்னொரு விதமாக வருகிறது. கிழக்கு முஸ்லிம்களிடம் வீடு மகளுக்குப் போகும். கலியாணத்தோடு சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அப்படியிருக்க, கடற்கரை வளவு 20 வருசக் குத்தகையில் போனால் மகளுக்கு எதை எழுதுவது? குத்தகைக் காசு சிலவழிந்து போகும். பிள்ளை வளரும், வளவு வளராது.

சுற்றுலாக் காசு ஹராமா ஹலாலா என்ற வாதம் ஊரில் நடந்துகொண்டே இருக்கிறது. நடக்கட்டும், அது தேவையான வாதம்தான். ஆனால் அந்த வாதம் சூடாக நடக்கும் அளவுக்கு, குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற பேச்சு நடக்கவில்லை. எத்தனை வருசம்? இடையில் வாடகை கூடுமா? கட்டிய கட்டடம் முடிவில் யாருக்கு? வேறொருத்தருக்கு மாற்றிக் கொடுக்கலாமா? பள்ளிக்கூடம் முடித்து, மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த தலைமுறை நாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அந்தக் கடதாசியை ஒருக்கா வாசித்துக் காட்டுவது நம்மால் முடியாத காரியம் இல்லை.

கரைவலைக்காரனின் வாடி சீசன் முடிந்ததும் கழற்றப்படும், மணல் மணலாகவே ஊருக்கு மிஞ்சும். இண்டைய கொங்கிரீட் அறைகள் அப்படிக் கழறாது.