40 கெஜ ஓட்டமும் பாஸ் ரஷர் தேர்வும்

அமெரிக்கக் கால்பந்தில், எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்குள் அவரை நெருங்கி மடக்க முயலும் தற்காப்பு வீரர் பாஸ் ரஷர் எனப்படுகிறார். வீசும் முன்பே அவரைத் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவது சாக் எனப்படும். கல்லூரி வீரர்களிடையே நல்ல பாஸ் ரஷரைக் கண்டறிய தேசிய கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) அணிகள் நீண்டகாலமாக நம்பிவந்த அளவுகளுள் ஒன்று 40 கெஜ (36.6 மீட்டர்) ஓட்டம்.

தோற்றம்

இந்தத் தூரத்தைப் பரவலாக்கியவர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன் என்று கூறப்படுகிறது. காலால் உதைத்து அனுப்பப்படும் பந்து ஏறத்தாழ 40 கெஜம் செல்லும். அது விழும் இடத்தை ஒருவர் எவ்வளவு விரைவில் அடைவார் என்பதே அவர் அறிய விரும்பியது. ஆகவே இச்சோதனை பாஸ் ரஷருக்காக உருவானதன்று.

1982இல் டாம்பா நகரில் கல்லூரி வீரர்களுக்கான தேசிய அளவிலான சோதனை முகாம் நடந்தது. சாக் அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்படத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1987 முதல் கம்பைன் என்னும் இம்முகாம் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்துவருகிறது. அனைவரும் ஒரே தளத்தில் ஓடியதால் வீரர்களை ஒப்பிடுவது எளிதாயிற்று. 40 கெஜ நேரத்தின் மதிப்பும் உயர்ந்தது.

ஏமாற்றிய எண்கள்

பாஸ்டன் கல்லூரி வீரர் மைக் மமுலா 1995 கம்பைனுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்து, 4.58 விநாடியில் ஓடினார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி தன் 12ஆம் இடத்தைக் கொடுத்து முன்னேறி, அவரை 7ஆம் வீரராகத் தேர்ந்தெடுத்தது. அவர் மொத்தம் 31.5 சாக்குகள் எடுத்தார். கைமாறிய 12ஆம் இடத்தில் டாம்பா பே அணி எடுத்த வாரன் சாப், பின்னர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

2008இல் 120 கிலோ எடையுடன் 4.7 விநாடிக்குள் ஓடிய வெர்னான் கோல்ஸ்டனை நியூயார்க் ஜெட்ஸ் 6ஆம் வீரராகத் தேர்ந்தெடுத்தது. மூன்று பருவங்களில் அவர் ஒரு சாக் கூட எடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறானவர் டெரல் சக்ஸ். 2002இல் அரிசோனா ஸ்டேட் அணிக்காக 24 சாக்குகள் எடுத்த இவர், தேர்வுக்கு முந்தைய ஓட்டத்தில் 4.8 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2003இல் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை 10ஆம் இடத்தில் எடுத்தது. 2011இல் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரராகத் தேர்வான அவர், 139 சாக்குகளுடன் ஓய்வுபெற்றார்.

காரணம்

குவார்ட்டர்பேக் பெரும்பாலும் பின்வாங்கி, சுமார் மூன்று விநாடிக்குள் பந்தை வீசிவிடுவார். இந்நேரத்தில் பாஸ் ரஷர் சில கெஜங்களே கடக்கிறார். அதுவும் நேர்கோட்டில் அன்று. 140 கிலோ எடையுள்ள தடுப்பாளரின் கைகளைத் தட்டிவிட்டு, உடலைச் சாய்த்து, அவரைச் சுற்றி வளைந்து செல்லவேண்டும். 40 கெஜ ஓட்டத்தின் பிற்பகுதியில் எட்டும் உச்ச வேகத்துக்கு இங்கே அதிக வேலையில்லை.

எனவே அணிகள் அவ்வோட்டத்தின் முதல் 10 கெஜ நேரத்தைத் தனியே பார்க்கின்றன. எல் வடிவில் வைத்த மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனை, வேகம் குறையாமல் திரும்பும் திறனைக் காட்டுகிறது. கைத்திறனையும் தடுப்பாளரின் அசைவை முன்கூட்டி உணர்வதையும் ஆட்டப் பதிவுகளில்தான் காணமுடியும்.

வேகத்தின் இடம்

இதனால் வேகம் பயனற்றது என்றாகாது. 2002இல் 4.48 விநாடியில் ஓடிய டுவைட் ஃப்ரீனி 125.5 சாக்குகள் எடுத்தார். 2017இல் 123 கிலோ எடையுடன் 4.64 விநாடியில் ஓடிய மைல்ஸ் காரெட், 2023இன் சிறந்த தற்காப்பு வீரரானார். ஆனால் ஃப்ரீனியிடம் தடுப்பாளரை ஏமாற்றும் சுழற்சி நகர்வும் இருந்தது. வெளிப்புறமாக அவர் பாயும் வேகத்துக்கு அஞ்சித் தடுப்பாளர் பின்வாங்கும்போது, அவர் சட்டென உட்புறம் சுழன்றுவிடுவார். வேகம் அச்சத்தை உண்டாக்கியது. அதைச் சாக்காக மாற்றியது நுட்பம். எடையோடு சேர்த்துப் பார்க்கும்போது, 40 கெஜ நேரம் ஒரு வீரர் எட்டக்கூடிய உயரத்தைச் சுட்டலாம். அவர் அதை எட்டுவார் என்பதற்கு அது உறுதி ஆகாது.