திடலை இழந்த ஆட்டம்

தமிழில் இந்த ஆட்டத்துக்கு நிலையான பெயர் இல்லை. கைப்பந்து என்றால் நம்மூரில் வாலிபால் என்றே பொருள்படும். எறிபந்து என்ற சொல்லை த்ரோபால் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே பள்ளி மாணவர்கள் சொல்வதுபோல ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இந்த ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. ஒன்று, அணிக்குப் பதினோரு பேராகக் கால்பந்துத் திடலில் ஆடியது. மற்றது, அணிக்கு ஏழு பேராகக் கூரையின் கீழ் ஆடுவது. ஒரு லட்சம் பேர் திரண்டு பார்த்தது முதல் ஆட்டத்தை. இன்று உயிரோடு இருப்பது இரண்டாவது.

விளையாட்டு வரலாறுகள் பெரும்பாலும் வென்றவர்களைப் பற்றியவை. தோற்ற அணிகளுக்காவது அட்டவணையில் ஓர் இடம் உண்டு. ஆட்டமே தோற்றுப்போனால், அதற்கு வாழ்க்கையைக் கொடுத்தவர்களை எந்த அட்டவணையில் வைப்பது என்ற கேள்வி ஹேண்ட்பாலின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

தொடக்கம் டென்மார்க்கில். கோபன்ஹேகனை அடுத்த ஓர்ட்ரூப் ஊரின் பள்ளியில் ஹோல்கர் நீல்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார், இராணுவ அதிகாரியும்கூட. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் ஓர் இரண்டாமிடமும் ஒரு மூன்றாமிடமும், வாட்போரில் ஒரு மூன்றாமிடமும் பெற்றவர். பள்ளி வளாகத்தில் பையன்கள் கால்பந்து ஆடி ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டிருந்ததால் கையால் ஆடும் ஓர் ஆட்டத்தை 1898வாக்கில் அவர் உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. கண்ணாடிக் கதை பிற்காலத்தில் சேர்ந்ததாகவும் இருக்கலாம். 1906இல் அவர் விதிகளை எழுதி வெளியிட்டார் என்பது மட்டும் உறுதி.

நீல்சனின் பெயரை நம்மில் மூத்த தலைமுறையினர் சிலர் வேறோரிடத்தில் கேட்டிருக்கக்கூடும். நீரில் மூழ்கியவரைக் குப்புறக் கிடத்தி, முதுகை அழுத்தி, கைகளை உயர்த்தி மூச்சு வரச்செய்யும் ஹோல்கர் நீல்சன் முறையை முதலுதவி வகுப்புகளில் வெகுகாலம் கற்பித்தார்கள். 1932இல் அதை வகுத்தவரும் இவரே. வாயோடு வாய் வைத்து ஊதும் முறை வந்தபின் அது வழக்கொழிந்தது. தம் வாழ்நாளில் அவருக்குப் பெரும்புகழ் தந்தது முதலுதவி முறைதான். பள்ளிப் பையன்களுக்காகச் செய்ததுதான் நிலைத்தது.

நீல்சனின் ஆட்டம் வடநாடுகளின் குளிருக்குப் பொருத்தமாக மெல்ல மண்டபங்களுக்குள் நகர்ந்தது. ஜெர்மனியில் கதை வேறு விதமாகப் போயிற்று. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி பெர்லினில் மாக்ஸ் ஹைசர் என்பவர் பெண்களுக்கான ஒரு பந்தாட்டத்துக்கு விதிகளை வகுத்து, அதற்கு ஹேண்ட்பால் என்று பெயரிட்டார். ஆண்கள் போர்முனையில், பெண்கள் தொழிற்சாலைகளில். உடலோடு உடல் மோதக்கூடாது என்பது அவ்விதிகளில் முக்கியமானது.

இரண்டாண்டு கழித்து, போர் முடிந்து ஆண்கள் திரும்பியபின், கார்ல் ஷெலென்ஸ் என்ற பெர்லின் உடற்பயிற்சி ஆசிரியர் அதை எடுத்து மாற்றியமைத்தார். பந்தைச் சிறிதாக்கினார், ஒரு கையால் பிடித்து வீசமுடிந்தது. எதிராளியைத் தடுத்துப் பந்தைப் பறிக்க அனுமதித்தார். ஆட்டம் வேகம் பெற்றது, ஆண்களுடையதாயிற்று. ஷெலென்ஸ் வாழ்நாள் முழுவதும் இதைக் கற்பிப்பவராகவும் பரப்புபவராகவும் இருந்தார். ஹேண்ட்பாலின் தந்தை என்று ஜெர்மானியர் அவரைத்தான் குறிப்பிட்டார்கள். ஹைசருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்காக உருவான ஓர் ஆட்டத்தின் தந்தை என்று அழைக்கப்பட அதை ஆண்களுக்கு உரியதாக்க வேண்டியிருந்தது என்பதைக் கசப்பின்றி எழுதமுடியவில்லை.

1925இல் ஹல்லே நகரில் ஆடவரின் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. ஜெர்மனி சொந்த மண்ணில் ஆஸ்திரியாவிடம் 3-6 என்று தோற்றது. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேசச் சம்மேளனம் உருவாயிற்று. எட்டே ஆண்டுகளில் ஆட்டம் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. நடத்தியது ஹிட்லரின் ஜெர்மனி என்பதையும், ஜெர்மனி கட்டாயம் வெல்லக்கூடிய ஆட்டம் இது என்பதையும் சேர்த்தே இந்த வேகத்தைப் புரிந்துகொள்ளவேண்டும். 1936இல் பங்கேற்றவை ஆறு நாடுகள் மட்டுமே. ஜெர்மனி ஹங்கேரியை 22-0 என்றும் அமெரிக்காவை 29-1 என்றும் வென்றது. ஆகஸ்ட் 14, கொட்டும் மழை, ஒலிம்பிக் அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரியாவை ஜெர்மனி 10-6 என்று வென்றது. பெண்களுக்கு அங்கே இடமில்லை.

அந்த ஜெர்மன் அணியின் பயிற்றுநரின் பெயர் ஓட்டோ கௌண்டின்யா. முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். மங்களூரில் சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஆனந்தராவ் கௌண்டின்யா 1844இல் பாசல் மிஷனில் ஞானஸ்நானம் பெற்று, ஹெர்மன் என்ற பெயரை ஏற்று, சுவிட்சர்லாந்து சென்று இறையியல் படித்து, ஜெர்மன் பெண்ணை மணந்து, கன்னட நாட்டுக்கே மிஷனரியாகத் திரும்பியவர். ஓட்டோ அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர். ஆரிய இனத் தூய்மையை அரசியல் மதமாக்கிய ஓர் ஆட்சி, கோத்திரப் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்த ஒருவரிடம் தன் தேசிய அணியை ஒப்படைத்திருந்தது. வெற்றி கிடைக்கும்வரை யாரும் பெயரின் மூலத்தைக் கிளறவில்லை போலும். இது தனியே ஒரு நாவலுக்கான விஷயம்.

1938இல் திடல் ஹேண்ட்பாலின் முதல் உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தது. இறுதியில் சுவிட்சர்லாந்தை ஜெர்மனி 23-0 என்று வென்றது. இரண்டாண்டு முன்பு இறுதியில் மோதிய ஆஸ்திரியா இம்முறை இல்லை, நாடே விழுங்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஆஸ்திரியா இன்னும் தனி நாடாக இருந்தபோது, பெர்லினில் நான்கே நாடுகள் கலந்துகொண்ட மண்டப ஆட்டப் போட்டி ஒன்றும் நடந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்று முதல் உலகக் கோப்பை என்று பதிவுகளில் முன்னால் நிற்பது அதுதான்.

போருக்குப்பின் 1946 ஜூலையில் கோபன்ஹேகனில் எட்டு நாடுகள் கூடிப் புதிய சம்மேளனத்தை நிறுவின. முன்னின்றவை டென்மார்க்கும் ஸ்வீடனும். ஜெர்மனி அழைக்கப்படவில்லை. ஆட்டத்தின் எதிர்காலம் அந்தக் கூட்டத்திலேயே மாறத்தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மண்டபத்துக்குள் ஆடிப் பழகியவர்கள் மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் திடல் ஆட்டம் ஒரே ஒரு காட்சிப் போட்டியாகச் சுருங்கியது.

ஆனாலும் ஜெர்மனியில் அது அப்போது செழிப்பாகவே இருந்தது. 1955 உலகக் கோப்பை இறுதியை டோர்ட்மண்டில் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். ஷெலென்ஸ் அடுத்த ஆண்டு, 1956இல் இறந்தார். தம் ஆட்டம் நிலைத்துவிட்டது என்ற நம்பிக்கையோடு போயிருப்பார். குறையைத் திடலிலேயே காணமுடிந்தது. கால்பந்துத் திடல் அளவு நிலத்தில், கோலுக்கு முன்னால் இருபது பேர் நெருக்கியடிக்க, நடுப்பகுதி காலியாகக் கிடந்தது. கோடுகள் போட்டுத் திடலைப் பிரித்து இத்தனை பேர்தான் இப்பகுதிக்குள் வரலாம் என்றெல்லாம் விதிசெய்து பார்த்தார்கள். கோடுகள் கூடக்கூட ஆட்டம் நின்று நின்று நடந்தது. மழையும் பனியும் வேறு. 1966இல் ஆஸ்திரியாவில் கடைசித் திடல் உலகக் கோப்பை நடந்தது. வென்றது மேற்கு ஜெர்மனி. அதே 1966இல்தான் மேற்கு ஜெர்மனியில் மண்டப ஹேண்ட்பாலுக்கான பண்டஸ்லீகா தொடங்கியது.

இந்த இரண்டு காலங்களிலும் கால்வைத்து நின்றவர் பெர்ன்ஹார்ட் கெம்பா. 1920இல் பிறந்தவர், ஃப்ரிஷ் ஆவ்ஃப் கோப்பிங்கன் என்ற சிற்றூர்க் கழகத்தின் ஆட்டக்காரர். 1952இலும் 1955இலும் திடல் ஆட்டத்தில் உலகக் கோப்பை வென்ற அணிகளில் இருந்தவர். 1954இல் அவருடைய கழகம் திடலிலும் மண்டபத்திலும் ஒரே ஆண்டில் ஜெர்மன் பட்டத்தை வென்றது. பிறகு பயிற்றுநராக 1960, 1962 ஆண்டுகளில் மண்டப ஆட்டத்தின் ஐரோப்பியக் கோப்பையை அந்தக் கழகத்துக்குப் பெற்றுத்தந்தார். முதுமையில் டென்னிஸுக்குப் போய் மூத்தோருக்கான போட்டிகளில் உலகப் பட்டங்களை வென்றது தனிக் கதை.

கெம்பாவை இன்று ஆட்டக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது ஒரு தந்திரத்துக்காக. மண்டப ஹேண்ட்பாலில் கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் தொலைவில் வளைந்த ஒரு கோடு உண்டு. அதற்குள் கோல்காப்பாளரைத் தவிர யாரும் கால்வைக்கக்கூடாது. ஆனால் கால்வைப்பதுதான் குற்றம்; அதன்மேல் காற்றில் இருப்பது குற்றமாகாது. ஒருவர் பந்தை அந்த வெற்றிடத்தின் மேலே தூக்கிப்போட, இன்னொருவர் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் காற்றிலேயே அதைப் பிடித்து, கால் தரையில் படுமுன் கோலுக்குள் எறிந்துவிடுவார். 1954இல் ஸ்வீடனுக்கு எதிராக இதைச் செய்துகாட்டினார் கெம்பா. திடல் ஆட்டத்தின் நாயகரான அவர் பெயர் மண்டப ஆட்டத்தின் ஓர் அசைவாகத் தங்கிவிட்டது. 2017இல், தொண்ணூற்றாறாம் வயதில் இறந்தார்.

எழுவர் ஆடும் மண்டப ஹேண்ட்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1972இல், அதுவும் ஜெர்மன் மண்ணில், ம்யூனிக்கில். யுகோஸ்லாவியா தங்கம் வென்றது. மேற்கு ஜெர்மனிக்கு ஆறாமிடம்.

பெண்கள் அதற்கும் நான்காண்டு காத்திருந்தார்கள். பெர்லினில் ஹைசர் அவர்களுக்காக விதியெழுதி ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து 1976இல் மாண்ட்ரியாலில் பெண்கள் ஹேண்ட்பால் ஒலிம்பிக்குக்குள் வந்தது. தங்கம் வென்ற சோவியத் அணியின் பயிற்றுநர் கீவ் நகரத்து இகோர் துர்ச்சின். 1960களின் தொடக்கத்தில் பள்ளிச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியவர். அந்தச் சிறுமிகளிலிருந்து எழுந்த ஸ்பார்ட்டக் கீவ் அணி 1969 முதல் 1988 வரை தொடர்ந்து இருபது சோவியத் பட்டங்களையும், பதின்மூன்று ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்றது. இப்படியோர் ஆதிக்கம் எந்த விளையாட்டிலும் அரிது. அவருடைய கண்டிப்பும் அதே அளவுக்குப் பேர்பெற்றது. ஆட்டக்காரிகளைப் பார்வையாளர் முன்னிலையிலேயே உரத்துக் கடிந்துகொள்வார். அர்ப்பணிப்பு என்று நாம் பாராட்டும் சொல்லுக்குள் மற்றவர்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. சிறுமியாக அவரிடம் வந்த ஸினாயிதா பின்னாளில் அவர் மனைவியானார். 1976, 1980 தங்கங்களும் 1988 வெண்கலமும் வென்ற அணிகளில் ஆடினார். வீட்டிலும் மண்டபத்திலும் ஒரே குரலைக் கேட்ட அந்த வாழ்க்கையைப் பற்றி அவரே எழுதினால் படிக்க ஆசை.

சோவியத் ஒன்றியம் மறைந்து ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆகியிருந்த 1993 நவம்பரில், புகாரெஸ்டில் ஓர் ஐரோப்பியப் போட்டியின்போது துர்ச்சினுக்கு மாரடைப்பு வந்தது. வயது ஐம்பத்தாறு. அணி உள்ளே ஆடிக்கொண்டிருந்தது.