அப்பாவும் மகனும் நடிகர்கள்... பரணில் கிடக்கும் சினிமா ஆல்பத்தைக் காப்பாற்றுவது எப்படி?

புதுக்கோட்டைக்காரர் பி.யு.சின்னப்பா ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடம், ‘மங்கையர்க்கரசி’யில் (1949) மூன்று வேடம் போட்டவர். 1951-ல் இறந்தபோது அவருக்கு வயது 35தான். அப்போது சின்னப் பையனாக இருந்த மகன் ராஜபகதூரும் பின்னாளில் சினிமாவில் நடித்தார். அப்பாவைத் தெரிந்த எத்தனை பேருக்கு மகனைத் தெரியும்? சின்ன வேடக்காரர்களின் பெயர் போஸ்டரில் வராது. பாட்டுப் புத்தகத்திலோ, வீட்டில் யாரோ வெட்டி ஒட்டிய பேப்பர் கட்டிங்கிலோதான் மிஞ்சும்.

ஆவூரோ விராலிமலையோ, உங்க வீட்டுப் பரணிலும் அப்படியொரு ஆல்பம் இருந்தா, முதல்ல செலோ டேப்பைத் தூர வையுங்க. அதன் பசை மஞ்சளாகி எழுத்தையே கெடுத்துடும். செய்தித்தாள் மலிவான மரக்கூழ்க் காகிதம். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து நொறுங்கும். ஒட்டியதைப் பிய்க்காமல், பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்க. மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து (பாட்டி காலத்து வசம்பு முடிச்சைப் பக்கத்தில் வைக்கலாம், காகிதத்தில் படக்கூடாது).

இதைவிட முக்கியம், பெயர். பத்திரிகை, தேதி, படத்தில் இருப்பது யார் என்பதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்க. அப்பாவும் மகனும் ஒரே ஜாடையில் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுடுங்க.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் பாட்டுப் புத்தகங்களும்தான் இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. வீட்டில் வைக்க இடமில்லையென்றால், எடைக்குப் போடும் முன் அதுபோன்ற நூலகத்துக்கு ஒரு போன் போடுங்க.