சீதன வீடும் சமூக ஆய்வும்: சம்மாந்துறைப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சமூக விஞ்ஞான ஆய்வு பொதுவாழ்விற்கு எவ்வாறு பயன்படுகின்றது என்னும் வினா நம்மிடையே பெரும்பாலும் கோட்பாட்டளவிலேயே எழுப்பப்படுகின்றது. வீட்டு உறுதிகளிலிருந்து அவ்வினாவை அணுக நாம் விரும்புகின்றோம்.

கல்முனைக்கு அண்மையில், வயல்வெளிகளின் நடுவே அமைந்த சம்மாந்துறையிலும் அதனைச் சூழ்ந்த கரையோர முஸ்லிம் ஊர்களிலும் குடி தாய்வழியாகவே வருகின்றது. ஒரே குடியினுள் மணம் செய்வது தவிர்க்கப்படும். பள்ளிவாசல் நிருவாகத்திற்கான மரைக்காயர்களும் குடி அடிப்படையில் தெரிவு செய்யப்பட்டு வந்தனர். அயலிலுள்ள தமிழ் இந்துக் கிராமங்களிலும் இதையொத்த குடிமுறை உண்டு. மகள் மணமுடிக்கும்போதே வீட்டினை அவள் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுப்பர். மருமகன் அவ்வீட்டிற்கு வந்து சேர்வான். பெற்றார் இறந்தபின் வரும் வாரிசுப் பங்கீட்டிற்கு முன்னரே கைமாறிவிடுவதால் வீடு பெண்ணின் உடைமையாகவே தலைமுறை தோறும் நிலைக்கின்றது. இதனை நாம் இலட்சியமயப்படுத்தவில்லை. நிலமற்ற வயற்கூலியாளனுக்கு மூன்று பெண்மக்கள் இருப்பின் மூன்று வீடுகள் என்பது எத்தகைய சுமை என்பதை இப்பகுதியார் நன்கறிவர். எனினும், அவ்வீடு அவளுடையது.

இலங்கைச் சோனகர் பற்றிய நவீன ஆய்வின் தொடக்கத்தில் இவ்வீடு எவர் கண்ணிற்கும் முக்கியமானதாகப் படவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டநிரூபண சபையிற் கூறி, 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் விரிவாக முன்வைத்த கருத்து, சோனகர் இனவழியில் தமிழரே என்பதாகும். சோனகருக்குச் சபையில் தனி ஆசனம் வேண்டுமா என்பதே அன்றைய பிரச்சினையாதலின், ஆய்வும் அரசியலும் ஒன்றாகவே பேசப்பட்டன. 1889இல் முஸ்லிம்களுக்கு நியமன ஆசனம் கிடைத்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பு அறபு மூலத்தை வலியுறுத்திற்று. ஒருவர் யாழ்ப்பாணத்து உயர்குடித் தலைவர். மற்றவர் கொழும்பு முஸ்லிம் பிரமுகர் வட்டத்தைச் சேர்ந்தவர். 'இவர்கள் யாவர்' என்பதே இருவரது வினாவாகவும் இருந்தது. 'இவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர்' என்று கேட்டிருப்பின், இன்று நாட்டு முஸ்லிம்களில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோர் வாழும் கிழக்கு மாகாணம் அவ்விவாதத்தின் மையத்திற்கு வந்திருக்கும். தமிழரோடு குடிமுறையைப் பகிர்ந்துகொண்டும் தமிழரிலிருந்து வேறான சமூகமாகத் தம்மைக் கருதிய கிழக்கிலங்கை உழவர், இரு தரப்பு வாதத்திற்கும் இடைஞ்சலான சான்றாகவே அமைந்திருப்பர்.

பின்னர் அரசு வயலுக்குள் வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்தாளர் பின்னுரிமையாளரைப் பெயரிடாதவிடத்து, ஆண்மக்களைப் பெண்மக்களுக்கு முன்னர் நிறுத்திற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டக் குடியேற்றங்களிலும் இச்சட்டமே ஆட்சி செலுத்தியது. தாய்வழி மரபு நிலவும் மாவட்டத்தின் நடுவே தந்தைவழி வாரிசு முறை இவ்வாறு எழுத்தில் ஏறியது. அப்பாரபட்சம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டது.

இக்கால இடைவெளியில் ஆய்வு நிகழாமலில்லை. நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலில் கீழ்க்கரைச் சமூகங்களை ஆராய்ந்தார். 1969 முதல் அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, அவ்வூர்த் தமிழரதும் சோனகரதும் சீதனத்தையும் வீட்டமைப்பையும் 1989இல் தனிக்கட்டுரையாகவே எழுதினார். ஆயினும் இவை யாவும் ஆங்கிலத்தில், அயல்நாட்டுப் பதிப்புகளில் அடங்கிக் கிடந்தன.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரம் அழிந்தது. உள்நாட்டில் அமைந்த சம்மாந்துறை தப்பியது. கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் தடுக்கப்பட்டமையால், சீதனமாகப் பெற்ற வளவிலேயே வீடெழுப்பும் வழி பலருக்கு அடைபட்டது. மாற்று வீடுகளுக்கான பத்திரங்களிலோ 'குடும்பத் தலைவர்' என்றொரு கூறு இருந்தது. அங்கே கணவன் பெயரே வழமையாக எழுதப்பட்டது. இவ்வாறு மனைவியின் வீட்டிற்கு ஈடாகக் கணவனுக்கு வீடு வழங்கப்பட்ட நிகழ்வுகள் பல. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர் சிலரும் இதனைச் சுட்டிக்காட்டியபோது நிவாரணப் பணிகள் வெகுதூரம் சென்றிருந்தன.

கொழும்பிலோ வெளிநாட்டு உதவி நிறுவனங்களிலோ பத்திரம் தயாரித்தவர்களைத் தீய நோக்கினர் என நாம் கருதவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறிய ஓர் உண்மை அவர்களை எட்டவில்லை. அதை எட்டச் செய்யும் பொறுப்புடைய நம் தமிழ்மொழி ஆய்வுலகமும் அதனைத் தமிழில் எழுதி வைத்திருக்கவில்லை. ஒலுவிலிற் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. குடிகளின் பெயர்களையும் சீதன உறுதிகளின் நடைமுறையையும் ஊர் ஊராகப் பதிவுசெய்து பிரதேச செயலகங்களின் கைக்குச் சேர்ப்பது பெருநிதி வேண்டும் பணியன்று. குடும்பத் தலைவர் யார் என்பதன் அருகே, வீடு எவர் பெயரில் உறுதி எழுதப்பட்டிருந்தது என்னும் ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்கு அத்தகைய பதிவே போதும்.