நிலம், பசளை, கூலி: கல்முனைக் கரையோர வயல்களின் வரலாறு தரும் பாடம்

ஒரு பொருளாதாரம் ஒரு நிலையிலிருந்து பிறிதொரு நிலைக்கு மாறுமிடத்து, அம்மாற்றம் நல்லதா தீயதா என்று மட்டும் ஆராய்தல் போதாது. அதன் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதும் ஆராயப்படல் வேண்டும். காலநிலை மாற்றத்தைத் தணிக்கக் காபன் வெளியேற்றம் குறைந்த பொருளாதாரத்தை நோக்கி உலகம் நகரும் இக்காலத்தில் இவ்வினா முதன்மை பெறுகின்றது. 2015ஆம் ஆண்டின் பரிஸ் உடன்படிக்கை தன் முகவுரையிலேயே தொழிலாளருக்கு நியாயமான நிலைமாற்றம் வேண்டுமென ஏற்றுக்கொண்டது. அதன் பொருளை உணர்ந்துகொள்ளக் கல்முனைக் கரையோர வயல்களின் வரலாறு பெரிதும் உதவும்.

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. ஊர் மணலிலே நெருங்கி நிற்க, வாழ்வு வயலிலே தங்கியிருந்தது. நிலமுடைய போடியார், அவருக்காக வேளாண்மையை முன்னின்று நடத்தும் முல்லைக்காரர், இவர்களின் கீழ்க் கூலிக்கு உழைப்போர் என்னும் அடுக்குமுறை இப்பகுதியின் பழைய சமூக அமைப்பாகும். வரம்பு கட்டுவோரும் களை பிடுங்குவோரும் அறுவடை செய்து சூடடிப்போரும் இவ்வடுக்கின் அடியிலேயே இருந்தனர்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இவ்வயல்களின் தன்மையை மாற்றியது. இங்கினியாகலையில் தேக்கப்பட்ட நீர் வாய்க்கால் வழியே கீழே வந்ததால் சிறுபோகச் செய்கை விரிவடைந்தது. அடுத்து, பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச் 4 முதலிய புதிய நெல்லினங்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து பரவின. இவ்வினங்கள் மிகுந்த பசளையை வேண்டுவன. அதனை விவசாயி வாங்குதற்கு ஏற்றவாறு 1962இல் அரசு பசளை மானியத்தை அறிமுகஞ்செய்தது. யூரியாவின்றி விளைச்சலில்லை என்னும் நிலை விவசாயியின் பேராசையால் தோன்றியதன்று. அரசே விதையும் மானியமும் அறிவுரையும் தந்து வளர்த்தெடுத்த நிலை அது.

இக்காலத்தில் உழைப்போரின் உரிமை குறித்தும் சிந்தனை எழாமலில்லை. பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்குப் பயிரிடுவோர்க்கு நிலத்தில் உறுதிப்பாட்டை அளித்தது. வயற்கூலியாளரின் கூலியைப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் நிருணயிப்பதற்கும் அது இடமளித்தது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. ஆயினும் நிலமோ குத்தகையோ நிரந்தர முதலாளியோ இல்லாத நாட்கூலியாளர், நடைமுறையில் இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே நின்றனர். வேலையற்ற நாளில் அவர்களைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை.

இத்தகைய குறையின் விளைவை இக்கரையோரம் வயலுக்கு வெளியே முன்னரே கண்டிருந்தது. மருதமுனையின் கைத்தறி, இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களின் முற்பகுதியில் செழித்திருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் மலிவான இறக்குமதித் துணிகளோடு போட்டியிட இயலாது பல தறிகள் ஓய்ந்தன. கொள்கை ஒரே நாளில் மாறியது. நெசவாளர் வேறு தொழில் தேடுதற்கோ அதுவரை குடும்பத்தைக் காப்பதற்கோ அதில் வழியேதும் வகுக்கப்படவில்லை.

2021இல் வயலுக்கும் அந்நிலை வந்தது. இரசாயனப் பசளையைக் கைவிட்டுச் சேதனப் பசளைக்கு மாறுவதற்குப் பத்தாண்டு காலம் எடுத்துக்கொள்ளப்படும் என்பது கோத்தாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் வாக்குறுதி. ஆயின் 2021 மே 6ஆம் திகதிய வர்த்தமானி இரசாயனப் பசளை, பூச்சிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியை உடனடியாகத் தடைசெய்தது. மக்கள் நலமும் சூழலும் காரணங்களாகக் கூறப்பட்டன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பின்னணியில் இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் கிளாஸ்கோவில் கூடிய காலநிலை மாநாட்டின்போது இக்கொள்கை பெருமையுடன் எடுத்துரைக்கப்பட்டது. அதே வேளையில் அம்பாறை வயல்களில் பெரும்போக விதைப்புக் காலம் தொடங்கியிருந்தது. போதிய சேதனப் பசளை கைக்கெட்டவில்லை. நவம்பர் 24ஆம் திகதி தடை நீக்கம் அறிவிக்கப்பட்டபோது விதைத்த பயிர் பசளையின்றி வளரத் தொடங்கிவிட்டது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

2022 சனவரியில் நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு வழங்க அமைச்சரவை இணங்கியது. அது விளைச்சல் இழந்தவரை நோக்கிய ஈடு. விளைச்சல் குறைந்ததால் வேலை குறைந்தவர், களத்திலே கூலிநெல் குறைந்தவர் ஆகியோர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. 1958இன் சட்டங்கள் விட்டுவைத்த அதே வெளியில் அவர்கள் மீண்டும் நின்றனர்.

இதனைக் கொண்டு மாற்றமே வேண்டாதது என முடிவுசெய்தல் பிழையாகும். மிகையாக இடப்படும் யூரியாவிலிருந்து வெளிப்படும் நைதரசு ஒட்சைட்டு, நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் வாயுவாகும். காலநிலை பிறழ்வதன் தீங்கைத் தாழ்நிலமான இக்கரையோரம் அறியும். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தின் நெல்வயல்கள் பெருமளவில் நீரில் மூழ்கின. பசளைப் பாவனையைக் குறைத்தல் தேவையே. எனினும் அறுபதாண்டு காலம் அரசு பயிற்றுவித்த பழக்கத்தை ஒரு போகத்தில் அறுத்தெறிய முற்பட்டமை, சரியான நோக்கத்தையே மக்கள் வெறுக்கச் செய்துவிட்டது என்பது கவனிக்கற்பாலது.

மாற்றத்துக்கு வேண்டிய கால அளவு, பரீட்சார்த்தச் செய்கை, மாற்றுப் பசளையின் இருப்பு ஆகியன முதலில் உறுதிசெய்யப்படல் வேண்டும். இடைக்காலத்தில் வருவாய் இழப்போர் யாவர் என்னும் பட்டியலும் முன்கூட்டியே வகுக்கப்படல் வேண்டும். அப்பட்டியலில் நிலமுடையோரின் பெயர்கள் எளிதில் இடம்பெற்றுவிடும். பதிவேடுகள் அவர்களை அறியும். எப்பதிவேட்டிலும் இல்லாத வயற்கூலியாளரின் பெயரும் அதில் எழுதப்படும் நாளிலேதான் நிலைமாற்றம் நியாயமானது என்று கூறும் தகுதி நமக்கு உண்டாகும்.